டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்கார்: முதல் தொழில் கைவிட்டுப் போன பிறகும் கம்பெனி நின்றது எப்படி?

ரோட்டில் ஓடும் ஸ்கூட்டரில், லாரியின் பிரேக்கில், வண்டிக் கடனுக்கான விளம்பரப் பலகையில் தினமும் கண்ணில் படுகிற மூன்று எழுத்து டி.வி.எஸ். அதன் முதல் எழுத்து ஓர் ஊர்: நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடி. கடைசி எழுத்து ஓர் ஆள்: சுந்தரம். 1877 மார்ச் 22-ம் தேதி பிறந்தவர். 1955 ஏப்ரல் 28-ம் தேதி, 78 வயதில், கொடைக்கானலில் காலமானார்.

ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. அவர் தொடங்கிய தொழில் ஸ்கூட்டர் இல்லை, பஸ். அந்த பஸ் தொழில் இன்று அவர் குடும்பத்திடம் இல்லை. 50 வருஷத்துக்கு முன்பே அரசு எடுத்துக்கொண்டது. அதற்கும் முன்னால், அவர்களுடைய இன்னொரு பெரிய வியாபாரமான ஜெனரல் மோட்டார்ஸ் டீலர்ஷிப்பும் ஆட்டம் கண்டது. இரண்டு முக்கியத் தொழில்கள் போன பிறகும் கம்பெனி விழவில்லை. ஏன்?

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிற யாருக்கும் உபயோகமான கேள்வி இது. பதிலைத் தேட அவருடைய வாழ்க்கையையே முதலிலிருந்து பார்க்கலாம்.

வக்கீல், ரயில்வே, பேங்க்... அப்புறம் பஸ்

சுந்தரம் அய்யங்கார் சின்ன வயதிலேயே வியாபாரத்துக்கு வந்தவர் இல்லை. வக்கீலாக ஆரம்பித்தார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். பேங்க் வேலையிலும் இருந்தார். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் தன் பிள்ளைக்கு ஆசைப்படக்கூடிய வேலைகள் இவை மூன்றும். மாசம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை.

இதையெல்லாம் விட்டுவிட்டு 1911-ல் அவர் சொந்தத் தொழிலில் இறங்கியபோது வயது 34. குடும்பஸ்தர், மூத்த பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். இன்றைய ஸ்டார்ட்அப் கதைகளில் வருகிற 21 வயதுப் பையன் கணக்கு இங்கே பொருந்தாது.

அந்த வேலைகள் வீண் போகவும் இல்லை. சட்டம் தெரிந்தவருக்கு ஒப்பந்தம் எழுதத் தெரியும். பேங்கில் இருந்தவருக்குக் கடனும் வட்டியும் எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று தெரியும். ரயில்வேயில் இருந்தவருக்கு டைம்டேபிள் என்றால் என்னவென்று தெரியும். பின்னாளில் அவருடைய பஸ் கம்பெனியில் இந்த மூன்றும் தெரிந்தன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படிப்பு, ஆங்கிலம், அரசு அலுவலகங்களில் பேசிப் பழகிய அனுபவம் என்று அந்தக் காலத்தில் மிகச் சிலருக்கே கிடைத்த வசதிகளோடுதான் அவர் தொடங்கினார். வெறுங்கையோடு வந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அதே வசதிகளோடு இருந்த பெரும்பாலானவர்கள் சம்பள வேலையிலேயே இருந்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

ரயில் போகாத ஊரைப் பிடித்தார்

அவருடைய ஆரம்ப கால வழித்தடங்களில் முக்கியமானது தஞ்சாவூர் – புதுக்கோட்டை. தென்னிந்தியாவில் கிராமப்புறத்துக்கு ஓடிய முதல் பஸ் சர்வீஸ் என்று சொல்லப்படுவது இதுதான். 1912-ல் மதுரையிலும் பஸ் ஓட்டத் தொடங்கினார்.

ஏன் புதுக்கோட்டை? மேப்பைப் பார்த்தால் புரியும். தஞ்சாவூரில் ரயில் இருந்தது. அப்போது தனி சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைக்கு ரயில் வர இன்னும் பல வருஷம் பாக்கி. நடுவில் இருந்தவர்களுக்கு மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் கதி. ரயிலோடு மோதாமல், ரயில் விட்டுவைத்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தினால் கூட்டம் தானாக வரும்.

பழனி மலைத்தொடரிலும் அதே காலத்தில் நிலைமை இதுதான். 1870-களிலேயே ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்துவிட்டது. அந்த ஸ்டேஷனுக்குப் பெயரே கொடை ரோடு. ஆனால் அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். அடிவாரம் வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் குதிரை, இல்லையென்றால் ஆட்கள் தூக்கிச் செல்லும் டோலி. 1910-களில் வத்தலகுண்டு வழியாக காட் ரோடு முழுமையான பிறகுதான் மலைக்கு மோட்டார் வந்தது. மேலே விளைந்த உருளைக்கிழங்கும் பேரிக்காயும் மலை வாழையும் வாடாமல் கீழே சந்தைக்கு வர ஆரம்பித்தன. தமிழ்நாட்டின் தென் பகுதியில் மோட்டார் தொழில் வளர்ந்தது இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான்.

பாடம் எளிமையானது. புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தால்தான் தொழில் என்று இல்லை. ஜனங்கள் ஏற்கெனவே சிரமப்பட்டுச் செய்துகொண்டிருக்கிற ஒரு வேலையைப் பார்த்து, அதைச் சுலபமாக்கிக் கொடுத்தாலும் தொழில்தான்.

நிரம்பினால்தான் கிளம்பும் பஸ்

அந்தக் காலத்து பஸ் எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அருமை புரியும். பல ஊர்களில் பஸ்ஸுக்கு நேரமே கிடையாது. ஆள் நிரம்பினால் கிளம்பும். நிரம்பும்வரை கண்டக்டர் கூவிக்கொண்டே இருப்பார். ஏறி உட்கார்ந்தவர் ஒரு மணி நேரமும் காத்திருக்கலாம், மூன்று மணி நேரமும் காத்திருக்கலாம்.

டி.வி.எஸ். பஸ் நேரத்துக்குக் கிளம்பியது. பஸ் போவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் ஒரு பேச்சே உண்டு.

நேரத்துக்குக் கிளம்பினால் சீட் காலியாகத்தானே போகும், நஷ்டம் இல்லையா? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

30 சீட் பஸ். டிக்கெட் 3 ரூபாய். டிரைவர் சம்பளம், வண்டிக் கடன், தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 100 ரூபாய். பஸ் ஓடினாலும் நின்றாலும் இந்தச் செலவு உண்டு. ஒரு ட்ரிப்புக்கு எரிபொருள் 20 ரூபாய்.

நிரம்பும்வரை காத்திருந்தால் ஒரு நாளைக்கு 3 ட்ரிப்தான் முடியும். வரவு 270. செலவு 160. மிச்சம் 110 ரூபாய்.

நேரத்துக்குக் கிளம்பினால் 5 ட்ரிப் அடிக்கலாம். சராசரியாக 20 பேர் வந்தால் வரவு 300. செலவு 200. மிச்சம் 100 ரூபாய். அதாவது ஆரம்பத்தில் லாபம் குறைவு!

ஆனால் இந்த பஸ் சரியான நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை பரவி, சராசரி 24 பேர் ஆனால்? வரவு 360. செலவு அதே 200. மிச்சம் 160 ரூபாய்.

சின்னத் தொழில் நடத்துகிற பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஓடினாலும் நின்றாலும் ஆகிற செலவு நிலையான செலவு. ஓடும்போது மட்டும் ஆகிற செலவு மாறும் செலவு. நிலையான செலவு அதிகமாக உள்ள தொழிலில் வண்டியோ மெஷினோ கடையோ சும்மா கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். வாடிக்கையாளரின் நம்பிக்கை லாபமாக மாறக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் காசு இருக்க வேண்டும்.

ஆணி பொறுக்கிய காந்தம்

நேரத்துக்கு ஓட வேண்டுமென்றால் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. அந்தக் காலத்து ரோட்டில் பஸ்ஸுக்குப் பெரிய எதிரி, மாடுகளின், குதிரைகளின் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணி. டயர் பஞ்சர் ஆனால் அன்றைய டைம்டேபிள் போச்சு.

இதற்கு டி.வி.எஸ். கண்ட வழி இன்றும் பேசப்படுகிறது. காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள். ரோடு அவர்களுடையது இல்லை. சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பும் இல்லை. போட்டி பஸ்களுக்கும் இதனால் லாபம்தான். ஆனாலும் செய்தார்கள், ஏனென்றால் அந்தச் செலவைவிட, பஞ்சராகி நிற்கும் பஸ்ஸால் வரும் நஷ்டம் பெரிது.

கெட்டுப்போன பிறகு ரிப்பேர் செய்வது ஒரு வழி. கெடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. பின்னாளில் இந்தக் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-ல் ஜப்பானின் டெமிங் தர விருதை வாங்கியது. தரம் என்பதை அந்தக் கம்பெனிகள் ஜப்பானியரிடம் கற்றுக்கொண்டது நிஜம். ஆனால் அதற்கான பழக்கம் மதுரை ரோட்டில் ஆணி பொறுக்கிய காலத்திலேயே வீட்டில் இருந்தது.

ஒரு தொழிலிலிருந்து அடுத்தது

பஸ் ஓட்டினால் ஒர்க்‌ஷாப் வேண்டும். ஒர்க்‌ஷாப் நடத்தினால் உதிரிபாகம் வேண்டும். டயர் தேய்ந்தால் ரீட்ரெட் செய்ய வேண்டும். எல்லாம் தனக்கே தேவைப்பட்ட வேலைகள். அவற்றை அடுத்தவர்களுக்கும் செய்து கொடுத்தால் அதுவே தனித் தொழில்.

அப்படித்தான் வளர்ந்தது. பஸ்ஸும் லாரியும் ஓட்ட சதர்ன் ரோட்வேஸ். உதிரிபாகத்துக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். வண்டி விற்பனைக்கு சுந்தரம் மோட்டார்ஸ். டயருக்கு ரீட்ரெட் தொழிற்சாலை. 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ் இந்தியாவிலேயே ஜெனரல் மோட்டார்ஸின் மிகப்பெரிய விநியோகஸ்தராக இருந்தது.

இதில் சம்பந்தமில்லாத ஒரு தொழிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கையில் பணம் இருக்கிறது என்று சினிமா எடுக்கவோ மில் வாங்கவோ போகவில்லை. ஒவ்வொரு புதுத் தொழிலிலும் முதல் வாடிக்கையாளர் அவர்களேதான். பொருள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது வெளியே விற்கும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

பெட்ரோல் இல்லாத பஸ்

இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் கம்பெனிக்கு பெட்ரோல் இல்லையென்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

சுந்தரம் அய்யங்கார் செய்தது டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். தத்துவம் சிக்கலானது இல்லை. மூடிய உலையில் மரக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட எரியக்கூடிய வாயு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, இன்ஜினுக்குக் கொடுத்தால் வண்டி ஓடும். பெட்ரோலில் ஓடும் வேகமோ இழுவையோ இருக்காது. மேட்டில் திணறும். கரி அள்ளிப்போட வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும். ஆனால் ஓடும்.

கரிவாயு உலகத்துக்குப் புதுசு இல்லை. போர்க்காலத்தில் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படி ஓடின. இவர் செய்தது, உள்ளூரில் கிடைக்கும் பொருளை வைத்து அதைத் தயாரித்து, தன் பஸ்ஸுக்கும் மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்தது. பஸ் ஓட்டுகிற கம்பெனி, பொருள் தயாரிக்கிற கம்பெனியாக மாறத் தொடங்கியதும் இங்கேதான் என்று சொல்லலாம்.

வீட்டில் நடந்தது

அவருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் 5 மகன்கள், 3 மகள்கள். மகள்களில் ஒருவர் சௌந்தரம். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதில் கல்யாணம். கணவர் டாக்டர்; நோயாளிகளைக் கவனித்தபோது பிளேக் தொற்றி இறந்தார். ஆசாரமான வைணவக் குடும்பத்தில் இளம் விதவை என்றால் அன்று என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சௌந்தரம் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். குடும்பம் அதற்குத் துணை நின்றது. அங்கே அவர் ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். கேரளத்துக்காரர், காந்தியவாதி, வேறு சாதி. மறுமணம் என்ற பேச்சு வந்ததும் குடும்பம் எதிர்த்தது. 1940-ல் காந்தியின் ஆசியோடு கல்யாணம் நடந்தது.

பஸ் விஷயத்தில் ஊரைவிட 20 வருஷம் முன்னால் யோசித்த மனிதர், மகள் விஷயத்தில் மகளுக்குப் பின்னால்தான் நின்றார். அந்த மகளும் ராமச்சந்திரனும் 1947-ல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். தாதிப் பயிற்சி, ஆஸ்பத்திரி, கைத்தொழில், பள்ளிக்கூடம் என்று அது வளர்ந்து, இன்று அங்கே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. லாபத்துக்காக இல்லாவிட்டாலும், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு நிறுவனத்தைக் கட்டி, தன் காலத்துக்குப் பிறகும் நிற்கவைத்தவர் என்ற கணக்கில் சௌந்தரமும் தொழில் முனைவோர்தான். பின்னாளில் மத்திய அரசில் கல்வித் துறை துணை அமைச்சராகவும் இருந்தார்.

சாவியைக் கொடுத்தவர்

குடும்பத் தொழில்கள் பெரும்பாலும் உடைவது இரண்டாம் தலைமுறையில். அப்பா கடைசி மூச்சுவரை கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு 50 வயதானாலும் கையெழுத்து போடும் உரிமை இருக்காது. அவர் போன மறுநாள் சண்டை.

சுந்தரம் அய்யங்கார் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்து ஒதுங்கினார். அவர் கண்ணெதிரேயே 1954-ல் மகன் டி.எஸ். சந்தானம் மெட்ராஸில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரி வாங்க ஆசைப்படுகிற டிரைவருக்கு அன்று பேங்க் கதவு திறக்காது. அவருக்குக் கடன் கொடுத்தால் லாரியும் விற்கும், உதிரிபாகமும் விற்கும், சர்வீஸும் நடக்கும். அப்பாவின் அதே சங்கிலியில் இன்னொரு கண்ணி.

அதற்கு அடுத்த வருஷக் கோடையில், கொடைக்கானலில் இருந்த தன் வீட்டில் அவர் காலமானார்.

அடுத்தடுத்து இரண்டு அடி

அவர் இறந்த காலத்தை ஒட்டியே முதல் அடி விழுந்தது. உதிரிபாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிற வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் வேண்டாம், உள்நாட்டிலேயே தயாரிப்பவர்கள் மட்டும் இருக்கட்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1950-களின் நடுவில் அதை நிறுத்திக்கொண்டது. அதன் மிகப்பெரிய விநியோகஸ்தருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மகன்கள் தயாரிப்பில் இறங்கினார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கைகோத்து சென்னை பாடியில் 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று தொழிற்சாலைகள் எழுந்தன.

இரண்டாவது அடி 1970-களின் தொடக்கத்தில். தமிழக அரசு பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கியது. 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது, டி.வி.எஸ். பஸ்கள் அதற்குப் போயின. 60 வருஷத் தொழில் முடிந்தது.

ஆனால் அதற்குள் கம்பெனியின் எடை வேறு இடத்துக்கு மாறியிருந்தது. பெர்மிட் போனது, பஸ் போனது, டெப்போ போனது. ஒர்க்‌ஷாப்பில் பழகிய கைகளும், உதிரிபாகம் பற்றிய அறிவும், அந்தப் பெயர் மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையும் போகவில்லை. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தபோது அந்த மூன்று எழுத்தை யாருக்கும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காம் தலைமுறை வரை குடும்பம் ஒன்றாக நின்றது. 2022-ல் கிளைகள் தத்தம் நிறுவனங்களை முறைப்படி பிரித்துக்கொண்டன. பிரிவதிலும் தெருச் சண்டை இல்லை.

இன்றைக்கு இதில் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

பெரிய கம்பெனிக் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். சாக்லேட் கடை, ஹோம்ஸ்டே, டாக்ஸி, மலைப்பூண்டு வியாபாரம் என்று அங்கே பெரும்பாலும் சின்னத் தொழில்கள்தான். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. மலை தாங்குமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே நேரம் சீசன் கூட்டத்தை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அரசு உத்தரவோ, போரோ, பெருமழையோ, ஏதோ ஒன்று எந்தத் தொழிலுக்கும் வரத்தான் செய்யும்.

அப்போது கேட்டுப்பார்க்க வேண்டிய கேள்விகள் சில:

- நாளைக்கு இந்தக் கடையோ வண்டியோ இல்லையென்றால், என் கையில் மிஞ்சும் திறமை எது? அதை இன்றைக்கே தனியாக விற்க முடியுமா?
- வியாபாரமே இல்லாத நாளிலும் ஆகிற செலவு எவ்வளவு? எத்தனை மாசம் தாங்கும்?
- அடுத்து தொடங்க நினைக்கிற தொழிலுக்கு முதல் வாடிக்கையாளர் நானேதானா?
- எனக்கு வேலை தருகிற பெர்மிட், ஏஜென்சி, ஆப், இதில் ஏதாவது ஒன்றை மட்டுமே நம்பி நிற்கிறேனா?
- நான் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கடை நடக்குமா?

கடைசிக் கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது. மற்றதையெல்லாம் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடலாம். சாவியை அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு மனசு வேண்டும். திருக்குறுங்குடிக்காரர் அதை உயிரோடு இருக்கும்போதே செய்தார். அவருடைய பஸ் போய் 50 வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அந்த மூன்று எழுத்து ரோட்டில் ஓடுவதற்கு, பஸ்ஸைவிட அந்த முடிவுதான் பெரிய காரணம்.